பொய்ப்படமும் மெய்த்துயரும்: இசைவின்றிப் புனையும் படங்களைத் தடுக்கும் சட்டங்கள்

அகப்பாடல்களைப் பயின்றோர் அம்பல், அலர் என்னும் இரு சொற்களை மறந்திருக்க மாட்டார்கள். ஒரு பெண்ணைப் பற்றி ஊரார் சிலர் வாய்க்குள்ளே முணுமுணுத்துக் கொள்வது அம்பல். அது பலர் அறியப் பரந்து பேச்சாவது அலர். திருவள்ளுவரும் காமத்துப்பாலில் 'அலர் அறிவுறுத்தல்' என ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். அன்றைய அலருக்கு இரண்டு எல்லைகள் இருந்தன. ஊரின் எல்லையைக் கடந்து அது நெடுந்தொலைவு செல்லவில்லை. காதல் என்னும் ஒரு நிகழ்ச்சியேனும் அதற்கு அடிப்படையாக இருந்தது. இன்று இவ்விரண்டு எல்லைகளும் தகர்ந்துவிட்டன. நடவாத ஒன்றை நடந்ததாகக் காட்டும் படத்தைச் சில நிமிடங்களில் புனைவதற்கும், அதனை நாடு முழுவதும் அனுப்புவதற்கும் ஒரு கைப்பேசியே போதுமானதாகிவிட்டது.

ஒருவருடைய இசைவின்றி அவரது முகத்தை ஆடையற்ற உடலோடோ பாலியல் காட்சியோடோ பொருத்திப் புனையும் படங்களையும் காணொளிகளையும் தடுப்பதற்கு உலக நாடுகள் பலவும் கடந்த சில ஆண்டுகளாகச் சட்டங்கள் இயற்றி வருகின்றன. அச்சட்டங்கள் எக்குறையை நிறைக்க எழுந்தன, எவ்வழியில் வளர்ந்தன, நம் நாட்டில் நிலை யாது என்பவற்றை எளிய முறையில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இப்பொருள் பற்றி வகுப்பறையில் உரையாடிய நாளொன்றில் மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, அது பொய்ப்படம்தானே? பொய்யென்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டால் அந்தப் பெண்ணுக்கு என்ன இழப்பு?" என்று வினவினார். அவர் குறும்புக்காகக் கேட்கவில்லை. உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டார். சட்டம் இயற்றியோரும் நெடுநாள் தடுமாறியது இவ்வினாவின் முன்னேதான். ஆதலின் அதனையே நம் கட்டுரைக்கு வழிகாட்டியாகக் கொள்வோம்.

படம் புனையும் முறை

ஒருவர் தலையை வெட்டி மற்றொருவர் உடலில் ஒட்டும் வேலை புகைப்படக்கலையின் இளமைக் காலந்தொட்டே உள்ளது. அதற்கு இருட்டறையும் தேர்ந்த கையும் தேவைப்பட்டன. கணினி வந்தபின் 'மார்ஃபிங்' என்ற பெயரில் அவ்வேலை எளிதாயிற்று. எனினும் கூர்ந்து நோக்குவோர்க்கு ஒட்டுப்போட்ட இடம் தெரிந்தது. 2017ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ரெடிட் என்னும் இணையத் தளத்தில் ஒருவர் திரைப்பட நடிகையரின் முகங்களைப் பொருத்திய ஆபாசக் காணொளிகளை வெளியிட்டார். அவர் சூட்டிக்கொண்ட புனைபெயரே 'டீப்ஃபேக்' என்னும் சொல்லாக உலக வழக்கில் நிலைத்தது. தமிழில் இதனை 'ஆழ்போலி' என்று வழங்குவோரும் உளர்.

இதன் உள்ளியக்கம் அறியத்தக்கது. செயற்கை நுண்ணறிவு மென்பொருளுக்கு ஒருவரின் முகப்படங்கள் பலவற்றைக் காட்டினால், அம்முகம் சிரிக்கும்போதும் திரும்பும்போதும் ஒளிபடும்போதும் எவ்வாறு மாறும் என்பதை அது கற்றுக்கொள்கிறது. பின்னர் வேறொருவர் தோன்றும் காட்சியில் அம்முகத்தைப் பொருத்திவிடுகிறது. 'ஆடை நீக்கும் செயலி' என்று சொல்லப்படுவது மற்றொரு வகை. பெயர் அவ்வாறிருப்பினும் அது எதையும் நீக்குவதில்லை. பிற உடல்களின் படங்களை எண்ணற்ற அளவில் கற்ற மென்பொருள், இவ்வுடல் இப்படி இருக்கக்கூடும் என்று ஊகித்து ஒன்றை வரைந்து தருகிறது. தொடக்கத்தில் நூற்றுக்கணக்கான படங்கள் வேண்டியிருந்தன. இன்று ஒரே ஒரு படம் போதும். அது கல்லூரி விழாவில் எடுத்த குழுப்படமாக இருக்கலாம். அடையாள அட்டைக்கு எடுத்த படமாகவும் இருக்கலாம்.

இக்கருவி யாரை நோக்கித் திருப்பப்படுகிறது என்பதில் ஐயமில்லை. டீப்டிரேஸ் என்னும் நிறுவனம் 2019இல் இணையத்தில் கண்டெடுத்த 14,678 ஆழ்போலிக் காணொளிகளில் 96 விழுக்காடு இசைவின்றிப் புனையப்பட்ட ஆபாசக் காணொளிகளாக இருந்தன. அவற்றில் காட்டப்பட்டோர் பெண்களே. தேர்தல் காலத்துப் போலி உரைகளைப் பற்றியே உலகம் மிகுதியாக அஞ்சிக்கொண்டிருந்த வேளையில், பெண்களின் மானத்தின் மீது அக்கருவி ஏற்கெனவே பாய்ந்துவிட்டிருந்தது.

பொய்யென்று தெரிந்தும் தீராத துயர்

இனி மாணவரின் வினாவுக்கு வருவோம். 2018 ஏப்ரலில் பத்திரிகையாளர் ரானா அயூப்பின் முகத்தைப் பொருத்திய ஆபாசக் காணொளியொன்று நாடெங்கும் பரப்பப்பட்டது. படத்தில் இருந்தவரின் தலைமுடி நேரானது; தம்முடையதோ சுருண்டது; ஆகவே அது தாம் அல்லர் என்பதைக் கண்டவுடனே தாம் அறிந்ததாக அவரே பின்னர் எழுதியுள்ளார். அவ்வாறு அறிந்திருந்தும் நெஞ்சுப் படபடப்போடு மருத்துவமனைக்குச் செல்ல நேர்ந்தது. தம் தொலைபேசி எண்ணும் உடன் பரப்பப்பட்டதால் இழிமொழிகள் குவிந்தன. தாம் முன்போல் துணிந்து கருத்துரைப்பதற்குத் தயங்கும் நிலை வந்ததையும் அவர் மறைக்கவில்லை. அவருக்குப் பாதுகாப்பு அளிக்குமாறு ஐக்கிய நாடுகள் அவையின் மனித உரிமை வல்லுநர்கள் அதே ஆண்டு மே மாதத்தில் இந்திய அரசைக் கேட்டுக்கொண்டனர்.

2024 ஜனவரியில் அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்டின் பெயரால் இத்தகைய படங்கள் எக்ஸ் தளத்தில் வெளிவந்தன. ஒரு பதிவு மட்டுமே நீக்கப்படுவதற்குள் 4 கோடிக்கும் மேற்பட்ட முறை பார்க்கப்பட்டது. அவை பொய்ப்படங்கள் என்பதைப் பார்த்தவர்களில் பெரும்பாலோர் அறிந்தே இருந்தனர். அறிந்தும் பார்த்தனர். பெரும்புகழும் பெருஞ்செல்வமும் வழக்குரைஞர் படையும் உடைய ஒருவருக்கே இந்நிலை என்றால், விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு மாணவியின் நிலையை எண்ணிப் பார்க்கவேண்டும்.

பூட்டிய வீட்டினுள் அத்துமீறி நுழைந்த ஒருவன் எதையும் எடுக்காமல் வெளியேறினாலும் குற்றவாளியே ஆவான். 'ஒன்றும் களவு போகவில்லையே' என்று அவன் வாதாட முடியாது. வீட்டுக்காரரின் அனுமதியின்றி நுழைந்ததே குற்றம். பொய்ப்படத்தின் இயல்பும் இதுவே. ஒரு பெண்ணின் முகத்தை அவள் ஒப்பாத காட்சியில் கொண்டு நிறுத்துவதும், அதனைக் காண்போர் கூட்டத்தைத் திரட்டுவதும் அவளது மானத்தின் மீது செய்யும் அத்துமீறலாகும். படத்தை மெய்யென்று நம்புவோர் தொகையைக் கொண்டு அத்துமீறலை அளக்க முடியாது. இவ்வுண்மையைச் சட்டங்கள் உணர்ந்து ஏற்பதற்குச் சில காலம் பிடித்தது.

பழைய சட்டங்களின் போதாமை

பழைய சட்டங்கள் மூன்று வாயில்களில் காவல் நின்றன. அவை ஆபாசத் தடை, அவதூறுத் தடை, அந்தரங்கப் பாதுகாப்பு என்பன. பொய்ப்படம் இம்மூன்றின் இடையே நழுவிச் சென்றது.

ஆபாசத் தடைச் சட்டம் சமுதாயத்தின் பொது ஒழுக்கத்தைக் காப்பது. அச்சட்டத்தின் கண்ணில் புண்பட்டது ஊரின் கூச்சமே. படத்தில் காட்டப்பட்ட பெண் ஒரு சாட்சியாக மட்டுமே நிற்கிறாள். அவள் இசைந்தாளா இல்லையா என்பது அங்கு முதன்மை வினாவாக எழுவதில்லை.

அவதூறுச் சட்டம் ஒருவரைப் பற்றிய பொய்யான பழியைத் தடுப்பது. ஆனால் படத்தின் அடியில் 'இது போலி' என்று ஒரு வரி எழுதிவிட்டால், 'நான் எதையும் மெய்யென்று கூறவில்லையே' என வாதிட இடம் கிடைக்கிறது. மேலும் அவதூறு வழக்கில் தம் நற்பெயரை நிறுவும் சுமை, துன்புற்றவரின் தோள்மீதே பெரிதும் விழுகிறது. வழக்கு முடிய ஆண்டுகள் செல்கின்றன. படம் பரவவோ ஓர் இரவு போதும்.

அந்தரங்கப் பாதுகாப்புச் சட்டங்கள் ஒளிந்திருந்து பார்ப்பதையும், மறைவாகப் படமெடுப்பதையும், எடுத்ததை வெளியிடுவதையும் தண்டித்தன. பொய்ப்படத்தில் ஒருவரும் ஒளிந்து பார்க்கவில்லை, படமும் எடுக்கப்படவில்லை. இங்கிலாந்தில் 2015இல் இயற்றப்பட்ட சட்டம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பிரிந்த காதலர்கள் பழிதீர்க்க அந்தரங்கப் படங்களை வெளியிடுவதைத் தடுக்க எழுந்த அச்சட்டம், மாற்றம் செய்ததனாலோ ஒட்டிச் சேர்த்ததனாலோ மட்டுமே அந்தரங்கப் படமாகத் தோன்றுவதைத் தன் எல்லைக்குப் புறம்பென வெளிப்படையாகவே விலக்கியிருந்தது. அதனை இயற்றியோர் பொய்ப்படத்தை அன்று பெருங்கேடாகக் கருதவில்லை. எட்டே ஆண்டுகளில் நிலைமை தலைகீழாயிற்று.

இசைவே அளவுகோல்

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலம் 2019 ஜூலை 1 முதல் தன் சட்டத்தைத் திருத்திப் பொய்யாகப் படைக்கப்பட்ட படங்களையும் அந்தரங்கப் படங்களோடு சேர்த்தது. ஆயினும் மிரட்டும் நோக்கமோ துன்புறுத்தும் நோக்கமோ மெய்ப்பிக்கப்பட வேண்டும் என்பது அங்கு நிபந்தனையாக இருந்தது. 'வேடிக்கைக்காக அனுப்பினேன்' என்பவர் தப்பிக்க இந்த நிபந்தனை வழிவிட்டது.

இங்கிலாந்தில் 2023இல் இயற்றப்பட்ட இணையப் பாதுகாப்புச் சட்டம் இவ்வழியை அடைத்தது. பழைய சட்டத்தின் விலக்கு நீக்கப்பட்டது. அந்தரங்க நிலையில் ஒருவரைக் காட்டுகின்ற, அல்லது காட்டுவதாகத் தோன்றுகின்ற படத்தை அவரது இசைவின்றிப் பகிர்வதே குற்றம் என்னும் நிலை 2024 ஜனவரி 31 முதல் நடைமுறைக்கு வந்தது. 'தோன்றுகின்ற' என்னும் அவ்வொரு சொல்லில் பொய்ப்படமும் அடங்கிற்று. துன்புறுத்தும் நோக்கம் இருப்பின் தண்டனை இரண்டாண்டுவரை கூடும். நோக்கம் மெய்ப்பிக்கப்படாவிடினும் குற்றம் குற்றமே. பகிர்வதற்கு முன்னரே, புனைவதையும் புனையுமாறு பிறரைக் கேட்பதையும் குற்றமாக்கும் பிரிவுகள் 2025ஆம் ஆண்டுச் சட்டமொன்றில் சேர்க்கப்பட்டன. ஆஸ்திரேலியாவும் 2024இல் சட்டமியற்றி, இசைவின்றி இத்தகைய படங்களைப் பரப்புவோர்க்கு ஆறாண்டுவரை சிறையும், புனைந்தவரே பரப்பினால் ஏழாண்டுவரை சிறையும் விதித்தது.

அமெரிக்க நாடு முழுமைக்குமான 'டேக் இட் டவுன்' சட்டம் 2025 மே 19 அன்று கையொப்பமாயிற்று. பிரதிநிதிகள் அவையில் அதற்கு ஆதரவாக 409 வாக்குகளும் எதிராக 2 வாக்குகளும் விழுந்தன. டெக்சாஸ் மாநிலத்துப் பள்ளி மாணவியர் சிலரின் படங்களை உடன்பயின்ற ஒருவரே புனைந்து பரப்பியதும், அவற்றை நீக்கச்செய்ய அக்குடும்பங்கள் பல மாதங்கள் அலைந்ததும் அச்சட்டத்திற்கு உடனடித் தூண்டுதலாயின. வயது வந்தோரின் படத்தைப் பரப்பினால் இரண்டாண்டுவரையும், சிறாரின் படத்தைப் பரப்பினால் மூன்றாண்டுவரையும் சிறைத்தண்டனை உண்டு. பாதிக்கப்பட்டவர் முறையாகக் கேட்டுக்கொண்ட 48 மணி நேரத்திற்குள் தளங்கள் அப்படத்தை நீக்கவேண்டும். அதற்கான ஏற்பாடுகளைச் செய்துகொள்ளத் தளங்களுக்கு ஓராண்டு அவகாசம் தரப்பட்டது.

இவற்றையெல்லாம் ஒருசேர நோக்கினால் ஒரு படிநிலை வளர்ச்சி புலனாகிறது. முதலில் நோக்கத்தைக் கேட்டனர். பின்னர் இசைவு இருந்ததா என்று மட்டும் கேட்டனர். அதன்பின் பகிர்வோரோடு புனைவோரையும், இறுதியில் படத்தைத் தாங்கி நிற்கும் தளங்களையும் பொறுப்புக்கு உட்படுத்தினர்.

தென்கொரியா தரும் பாடம்

கல்விக்கூடங்களில் உள்ள நாம் கூர்ந்து நோக்கவேண்டிய நாடு தென்கொரியா. அந்நாடு 2020இலேயே ஆழ்போலிப் படங்களுக்கெனத் தனிச்சட்டப் பிரிவு கண்டது. ஆயினும் பரப்பும் நோக்கத்தோடு புனைந்தாலே குற்றம் என்று அப்பிரிவு கூறிற்று. 'என் கைப்பேசியில் வைத்துக்கொள்ளவே செய்தேன்' என்ற சாக்குக்கு அங்கு இடமிருந்தது.

2024 ஆகஸ்டில், டெலிகிராம் குழுக்களில் மாணவர்கள் தம் வகுப்புத் தோழியர், ஆசிரியைகள், சில இடங்களில் தம் உடன்பிறந்தார் ஆகியோரின் படங்களையே கொடுத்துப் போலிப் படங்கள் புனைந்து பகிர்ந்து வந்தது வெளிப்பட்டது. பள்ளி வாரியாகவும் பல்கலைக்கழக வாரியாகவும் குழுக்கள் இருந்தன. பெண்பிள்ளைகள் தம் சமூக ஊடகப் படங்களை அவசர அவசரமாக நீக்கினர். அடுத்த மாதமே, 2024 செப்டம்பர் 26 அன்று, அந்நாட்டுச் சட்டமன்றம் திருத்தம் நிறைவேற்றியது. பரப்பும் நோக்கம் என்னும் நிபந்தனை நீங்கியது. புனைவோர்க்கும் பரப்புவோர்க்கும் உச்சத் தண்டனை ஐந்தாண்டிலிருந்து ஏழாண்டாக உயர்ந்தது. அறிந்தே வைத்திருப்பதும் பார்ப்பதும்கூட மூன்றாண்டுவரை சிறைக்கோ 3 கோடி வோன்வரை தண்டத்திற்கோ உரிய குற்றமாயின.

இவ்வளவு கடுமையான சட்டத்தின் நடுவே ஓர் உண்மை நம்மைச் சுடுகிறது. 2024இல் இக்குற்றத்திற்காக அந்நாட்டுக் காவல்துறையிடம் பிடிபட்டோரில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் பதின்பருவத்தினர். அவர்களுள் 14 வயது நிரம்பாதோரும் இருந்தனர். அவ்வயதினரைக் குற்றவியல் சட்டத்தால் தண்டிக்க இயலாது. சட்டம் கைவைக்க முடியாத அவ்விடத்தில் ஆசிரியரும் பெற்றோருமே நிற்கவேண்டியுள்ளது.

நம் நாட்டு நிலை

இந்தியாவில் 2008இல் திருத்தப்பட்ட தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் பிரிவுகளே இவ்வழக்குகளில் பெரிதும் கையாளப்படுகின்றன. ஆபாசப் பொருளை இணையத்தில் வெளியிடுவோர்க்கு 67ஆம் பிரிவும், பாலியல் செயலைக் காட்டும் பொருளை வெளியிடுவோர்க்கு 67ஏ பிரிவும் தண்டனை கூறுகின்றன. பின்னதில் முதற்குற்றத்திற்கே ஐந்தாண்டுவரை சிறையும் 10 லட்சம் ரூபாய்வரை அபராதமும் உண்டு. ஆயின் இவை ஆபாசத்தை அளவுகோலாகக் கொண்டவை என்பதை மறத்தலாகாது. இசைவை அளவுகோலாகக் கொண்ட 66இ பிரிவோ, ஒருவரின் மறைவிடத்தைப் படமெடுப்பதையும் வெளியிடுவதையும் பேசுகிறது. புனைந்த உடல் அவருடைய உடலா என்னும் வாதம் அங்கு எழுகிறது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் பொய்ப்படத்திற்கெனத் தனிப்பிரிவு வகுக்கப்படவில்லை. அதன் 77ஆம் பிரிவு, தனிமையில் இருக்கும் பெண்ணை ஒளிந்து பார்ப்பதையும் படமெடுப்பதையும் பற்றியது. நற்பெயரைக் கெடுக்கும் நோக்கில் பொய்யான மின்பதிவு புனைவதை 336ஆம் பிரிவும், அவதூறை 356ஆம் பிரிவும் தண்டிக்கின்றன. காவல்துறையினர் இவற்றையெல்லாம் கூட்டிச் சேர்த்தே வழக்குப் பதிய வேண்டியுள்ளது.

சிறார் வகையில் நம் சட்டம் முன்னேறியுள்ளது. போக்சோ சட்டத்தில் 2019இல் செய்த திருத்தம், கணினியால் உருவாக்கப்பட்டு மெய்யான குழந்தையிலிருந்து வேறுபடுத்தி அறியவியலாத படத்தையும், மாற்றியமைத்துக் குழந்தையைக் காட்டுவதுபோல் ஆக்கிய படத்தையும் தடைக்குள் கொண்டுவந்தது. குழந்தைகளைப் பற்றிய அத்தகைய படங்களை வெறுமனே வைத்திருந்து பார்ப்பது குற்றமாகாது எனச் சென்னை உயர்நீதிமன்றம் 2024 ஜனவரியில் கூறியிருந்தது. அத்தீர்ப்பை 2024 செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளியது; அழிக்காமலும் புகாரளிக்காமலும் வைத்திருப்பதே பரப்பும் நோக்கத்திற்குச் சான்றாகக் கொள்ளப்படலாம் என்று விளக்கிற்று.

தளங்களின் பொறுப்பைப் பொறுத்தவரை, 2021இல் வெளியான தகவல் தொழில்நுட்ப விதிகள் குறிப்பிடத்தக்கவை. அந்தரங்கப் படங்களோடு 'செயற்கையாக உருமாற்றிய படங்களையும்' பெயர்சுட்டிக் கூறி, பாதிக்கப்பட்டவர் முறையிட்ட 24 மணி நேரத்தில் அவற்றை நீக்க நடவடிக்கை எடுக்குமாறு அவை பணித்தன. 2026 பிப்ரவரியில் செய்த திருத்தம் இக்காலக்கெடுவை மேலும் சுருக்கியதோடு, செயற்கையாக உருவாக்கியவற்றின்மீது அடையாளக் குறிப்பு இடவேண்டும் என்றும் வகுத்தது. இதற்கிடையே, தம் அந்தரங்கக் காணொளி பரவுவதைத் தடுக்கக் கோரி ஒரு பெண் தொடுத்த வழக்கில், 2025 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் 48 மணி நேரத்தில் அவற்றை நீக்கச் செய்யுமாறு மத்திய அரசுக்கு ஆணையிட்டது. அவை பொய்ப்படங்கள் அல்லவெனினும், அவ்வழக்கின் தொடர்ச்சியாக அரசு வகுத்த நெறிமுறை பொய்ப்படத்தால் துன்புறுவோர்க்கும் பயன்படும். அந்தரங்கம் அடிப்படை உரிமை என உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017இல் அளித்த தீர்ப்பே இவற்றுக்கெல்லாம் அடித்தளம்.

நிலைமையைத் தொகுத்துச் சொன்னால், படத்தை நீக்கும் வழி நம் நாட்டில் விரைவாகி வருகிறது. ஆனால் இசைவின்றிப் புனைதலும் பகிர்தலும் தம்மளவில் குற்றம் என்று நேராகச் சொல்லும் ஒரு பிரிவு, வயது வந்த பெண்களைப் பொறுத்தவரை இன்னும் வேண்டப்படுவதாகவே உள்ளது.

எழுப்பப்படும் ஐயங்கள்

இச்சட்டங்களை ஐயுறுவோரும் உளர். அவர்தம் கருத்தையும் கேட்பது முறை. 48 மணி நேரத்தில் நீக்கு என்றால், தளங்கள் ஆராயாமல் எல்லாவற்றையும் நீக்கும். அரசியல் நையாண்டியும் செய்திப்படமும்கூட அதில் அடிபடும் என்பது அமெரிக்காவில் எழுந்த கண்டனம். இத்தகைய படங்களால் பாதிக்கப்பட்டோர்க்காக நெடுங்காலம் உழைத்துவரும் அமைப்பினரே நீக்கல் விதியின் தவறான பயன்பாட்டுக்கு அஞ்சினர். இவ்வச்சம் நியாயமானது. பொய்யான முறையீட்டைத் தடுக்கும் ஏற்பாடும், தவறாக நீக்கியதை மீட்கும் வழியும் சட்டத்தில் இடம்பெறல் வேண்டும். ஆயினும் ஆட்சியாளரை எள்ளும் கேலிச்சித்திரத்தையும், ஒரு பெண்ணை ஆடையின்றிக் காட்டும் பொய்ப்படத்தையும் வேறுபடுத்தி அறிவது அத்துணைக் கடினமன்று. இசைவு என்னும் அளவுகோலைக் கொண்டு அளந்தால் வேறுபாடு தானே விளங்கும்.

இளையோரைக் குற்றவாளிகளாக்கிச் சிறைக்கு அனுப்புவது தீர்வாகுமா என்பது இரண்டாவது ஐயம். ஆகாது. எனவேதான் சட்டத்தின் வேலை முடியும் இடத்திற்கு முன்பே கல்வியின் வேலை தொடங்கவேண்டும் என்கிறோம்.

நம் கடமை

அண்மையில் பெரியவர் ஒருவர் நம்மிடம், "இந்தக் காலத்தில் பெண்பிள்ளையைப் படிக்க அனுப்பாமல் வீட்டில் வைத்திருப்பதே பாதுகாப்பு" என்று மனம் நொந்து கூறினார். அவர் அக்கறையை நாம் மதிக்கிறோம், முடிவை ஏற்பதற்கில்லை. பொய்ப்படத்திற்கு வேண்டியது ஒரு முகம் மட்டுமே. திருமண வீட்டில் உறவினர் எடுத்த படத்திலும் அம்முகம் இருக்கும். படிப்பை நிறுத்தினால் குற்றம் செய்தவனுக்கு ஓர் இழப்பும் இல்லை. குற்றம் செய்யாதவளுக்கோ வாழ்நாள் இழப்பு. மேலும், வீட்டார் தன் படிப்பை நிறுத்திவிடுவர் என்ற அச்சமே ஒரு பெண்ணை வாய்திறவாமல் செய்து, மிரட்டுவோனின் கையில் அவளை ஒப்படைக்கிறது. 'நடந்ததைச் சொன்னால் நம் வீட்டார் நம்மோடு நிற்பர்' என்ற உறுதியை ஒவ்வொரு பிள்ளைக்கும் முன்கூட்டியே அளித்துவைப்பது மூத்தோர் கடமை.

இத்தகைய துன்பம் நேரின் செய்யவேண்டியவை சில. மிரட்டுவோருக்குப் பணம் தரலாகாது. ஒரு முறை பெற்றவர் மீண்டும் கேட்பர். படம் வந்த முகவரி, அனுப்பியவர் பெயர், நாள், நேரம் ஆகியவற்றைக் குறித்துவைக்க வேண்டும். படத்தையோ பிறருக்கு அனுப்பலாகாது. தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் முறையிட வேண்டும். தேசிய இணையக் குற்றப் புகார்த் தளத்தில், பெண்கள், குழந்தைகள் தொடர்பான குற்றங்களைத் தம் பெயர் கூறாமலும் தெரிவிக்கலாம். எல்லை கருதாமல் எந்தக் காவல்நிலையத்திலும் புகார் அளிக்கலாம். பெண்கள் 181 என்ற எண்ணிலும், சிறார் 1098 என்ற எண்ணிலும் உதவி கோரலாம். 2021இல் இங்கிலாந்தில் தொடங்கப்பட்ட 'ஸ்டாப் என்சிஐஐ' என்னும் சேவையும் உண்டு. அது படத்தைப் பெற்றுக்கொள்வதில்லை. நம் கருவியிலேயே படத்திலிருந்து கைரேகை போன்ற ஓர் எண்தொடரைக் கணித்து, அதனை மட்டும் தளங்களுக்கு அளிக்கிறது. அதில் சேர்ந்துள்ள தளங்களில் அப்படம் ஏற்றப்படும்போது அடையாளம் கண்டு தடுக்க அது உதவுகிறது.

கல்லூரியும் தன் பங்கை ஆற்றவேண்டும். இதனைப் பாலியல் துன்புறுத்தலாகவே கருதி ஏற்கும் குழுவும், புகாரளித்தவரின் பெயரைக் காக்கும் முறையும், தேர்வையோ வருகைப் பதிவையோ இழக்காமல் அவர் படிப்பைத் தொடரும் ஏற்பாடும் வேண்டும். புகார் கூறிய மாணவியை நோக்கி 'நீ ஏன் படத்தை இணையத்தில் வைத்தாய்?' என்று கேட்கும் முதற்கேள்வியை ஆசிரியராகிய நாம் அறவே விடவேண்டும்.

மாணவர்க்குச் சொல்வது ஒன்று. திருக்குர்ஆனின் 24ஆம் அத்தியாயம், கற்புடைய பெண்கள்மீது பழி சுமத்துவோர் நான்கு சாட்சிகளைக் கொண்டுவராவிடில் தண்டனைக்கு உரியராவர் என்கிறது. பழி சுமத்தியவரோடு அது நின்றுவிடவில்லை; அப்பழியைக் காதால் கேட்டவர்கள், கேட்டவுடனே இது தெளிவான அவதூறு என்று சொல்லாததையும், அறியாததை நாவிலிருந்து நாவுக்கு மாற்றி அதனை எளிதாக எண்ணியதையும் கடிந்துரைக்கிறது. கேட்பவருக்கும் பொறுப்புண்டு என்னும் இந்நெறியையே, பகிர்தலைக் குற்றமாக்கும் இக்காலச் சட்டங்களிலும் காண்கிறோம். படம் புனைந்தவர் ஒருவர்தாம். அதனை ஊரறியச் செய்வது, 'பார்த்தாயா?' என்று அடுத்தவருக்கு அனுப்பும் பல விரல்கள்.

வகுப்பில் வினவிய மாணவருக்கு நாம் சொல்லும் விடை இது: படம் பொய், அதைப் பார்த்த கண்களும் அனுப்பிய கைகளும் மெய். அடுத்த முறை அத்தகைய படம் ஒன்று நம் கைப்பேசிக்கு வருமாயின், அது நம்மோடு நின்றுவிடட்டும். அனுப்பிய நண்பரிடம் இது தவறு என்று சொல்லும் துணிவும் நமக்கு வரட்டும். சட்டம் வருவதற்கு முன்பே ஒரு பெண்ணின் மானத்தைக் காக்க நம்மால் இயலும்.